கார் இல்லாமல் பாம்பரோ: கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகத்துக்குப் போய்வர ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்தம்பர்லாந்தில், பாம்பரோ என்று ஒரு சின்ன ஊர். கடலில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றிய கதையைச் சொல்லும் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. நடத்துவது ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்மீட்புப் படகு அறக்கட்டளை. உள்ளே போகக் காசு கிடையாது, தனியாகப் போகிறவர்கள் முன்பதிவு செய்ய வேண்டியதில்லை, நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பாடு முழுக்கப் போய்ச் சேர்வதிலும் திரும்பி வருவதிலும்தான். ஊரில் ரயில் நிலையம் இல்லை. பஸ் எப்போதாவதுதான் வரும். கடற்காற்று வேறு ஆளைத் தள்ளும். பிரிட்டனுக்குப் படிக்க வந்தவர்கள், இங்கே புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை எங்காவது கூட்டிப்போக நினைப்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். பத்து இணையதளங்களில் துண்டு துண்டாகத் தேடியும், பஸ் நிறுத்தத்தில் நடுங்கிக்கொண்டும் தெரிந்துகொண்டவற்றை ஒரே இடத்தில் வைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். 1838 செப்டம்பர் 7 விடியற்காலையில், ஹல்லிலிருந்து டண்டீக்குப் போய்க்கொண்டிருந்த ஃபோர்ஃபார்ஷைர் என்ற நீராவிக் கப்பல், பாம்பரோவுக்கு எதிரே உள்ள ஃபார்ன் தீவுகளில் ஒரு பாறையில் மோதி உடைந்தது. லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் காவலர் வில்லியம் டார்லிங்கும், அவருடைய 22 வயது மகள் கிரேஸும் துடுப்புப் படகில் அந்தப் பாறைக்குப் போனார்கள். இரண்டு நடையில் 9 பேரைக் கரைசேர்த்தார்கள். மீதியை அருங்காட்சியகமே சொல்லிவிடும்.

1. நாளைக் குறியுங்கள்

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போவதே நல்லது. குளிர்காலத்தில் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரமும் குறையும், நாட்களும் குறையும். அப்போது திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. கடைசி பஸ்ஸுக்காக இருட்டில், காற்றில் நிற்பது சுகமில்லை. ஜூலையில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆர்.என்.எல்.ஐ. இணையதளத்தில் அருங்காட்சியகத்தின் பக்கத்தைத் திறந்து நேரத்தைப் பாருங்கள். வரைபடச் செயலி காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம்.

ஞாயிறும் பொது விடுமுறைத் திங்களும் கார் வைத்திருப்பவர்களுக்கு உகந்த நாட்கள். நமக்கல்ல. அன்று பஸ் குறைவு. ரயில் பாதையில் பராமரிப்பு வேலை இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அரை நாள் அதிலேயே போய்விடும். செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாளைப் பிடியுங்கள்.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையோ பத்துப் பதினைந்து பேரையோ கூட்டிப்போவதாக இருந்தால் முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். இடம் சின்னது. ஒரு கூட்டம் உள்ளே நுழைந்தால் மற்றவர்கள் படகுப் பக்கமே போக முடியாது.

2. ஆவணங்கள்

அருங்காட்சியகத்தில் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆவணம் தேவைப்படுவது வழிப்பயணத்துக்குத்தான்.

*ரயில்கார்டு.* ரயிலில் போவதாக இருந்தால் இதை முதலில் வாங்குங்கள். வருடத்துக்கு 35 பவுண்டு (2025 மார்ச்சில் 30-லிருந்து ஏறியது). டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 16 முதல் 25 வயது வரை ஒரு வகை. 25 தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவராக இருந்தால் பல்கலைக்கழகத்தின் அத்தாட்சியைக் காட்டி இதே கார்டை வாங்கலாம். முதுகலை படிக்க வந்தவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. கணவன் மனைவிக்கு ‘டூ டுகெதர்’ கார்டு ஒன்றே போதும். ஆனால் அதில் பெயர் உள்ள இருவரும் சேர்ந்து பயணம் செய்ய வேண்டும், வார நாட்களில் காலை 9.30-க்கு முன் செல்லாது. 60 வயது தாண்டிய பெற்றோர் பாஸ்போர்ட்டைக் காட்டி ‘சீனியர்’ கார்டு வாங்கலாம். இங்கே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை.

இரண்டு பொறிகள். 16–25 கார்டில், வார நாட்களில் காலை 10 மணிக்கு முன் கிளம்பினால் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு என்று ஒரு விதி உண்டு. ஜூலை, ஆகஸ்டில் அது கிடையாது. குறுகிய தூரத்துக்கு இந்த விதியால் தள்ளுபடியே இல்லாமல் போய்விடும். இரண்டாவது, கார்டு ஃபோனில் இருக்கும், ஃபோனில் சார்ஜ் இருக்காது. காட்ட முடியவில்லை என்றால் கார்டு இல்லாதவர் என்றே கணக்கு. பவர் பேங்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

*முதியோர் பஸ் பாஸ்.* “இங்கே வயசானவங்களுக்கு பஸ் இலவசமாமே” என்று அம்மா கேட்பார். அது இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும். விசிட் விசாவில் வந்தவர்கள் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

*விசா.* பாம்பரோ இங்கிலாந்துக்குள்தான். பெற்றோரிடம் உள்ள சாதாரண விசிட்டர் விசா போதும். இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு 6 மாத விசா 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. கைரேகை கொடுத்தபின் வழக்கமாக 3 வாரம் ஆகும். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரியிலிருந்து இ.டி.ஏ. என்ற முன் அனுமதி கட்டாயம், அதற்கு அதே ஏப்ரலில் 16 பவுண்டு. இந்தத் தொகைகள் அடிக்கடி ஏறும். விண்ணப்பிக்கிற அன்று அரசு இணையதளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பெயரை ஒத்த தரகர் தளங்களில் கூடுதல் காசு கொடுத்துவிடாதீர்கள்.

3. வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழி இருக்கிறது.

*நியூகாசிலிலிருந்து பஸ்ஸிலேயே.* ஹேமார்க்கெட் பஸ் நிலையத்தில் அர்ரைவா நிறுவனத்தின் எக்ஸ்18. அன்னிக், சீஹவுசஸ் வழியாகக் கடற்கரையை ஒட்டிப் போய் பாம்பரோவில் நிற்கும். இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். 2025 முதல் இங்கிலாந்தில் ஒருவழி பஸ் கட்டணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் இவ்வளவு தூரத்துக்கும் போக வர மொத்தம் 6 பவுண்டுக்கு மேல் ஆகாது. நடுவில் இறங்கி வேறு பஸ் ஏறினால் அதற்குத் தனி டிக்கெட். மாடி பஸ் வந்தால் மேலே முன் வரிசையைப் பிடித்துவிடுங்கள். அன்னிக்கைத் தாண்டியபின் கடலும் வயலும் மாறி மாறி வரும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. எக்ஸ்18 எல்லாமே பாம்பரோ வரை போவதில்லை, பல பஸ்கள் அன்னிக்கோடு நின்றுவிடும். பஸ்ஸின் நெற்றியில் பெரிக் (பாம்பரோவுக்கும் வடக்கே உள்ள ஊர்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது எக்ஸ்15. அதுவும் பெரிக் போகும், ஆனால் உள்நாட்டு வழியாக, ஏ1 நெடுஞ்சாலையில். அதில் ஏறினால் பாம்பரோவைப் பார்க்கவே மாட்டீர்கள். ஏறும்போது ஓட்டுநரிடம் “பாம்பரோ?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

*ரயில், பிறகு பஸ்.* எடின்பரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர்கள் பெரிக்-அபான்-ட்வீட் நிலையத்தில் இறங்கி, தெற்கே போகும் எக்ஸ்18-ஐப் பிடிக்கலாம். எடின்பரோவிலிருந்து பெரிக்குக்கு ரயில் முக்கால் மணி நேரம். பெரிக்கிலிருந்து பஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தெற்கிலிருந்து வந்தால் ஆல்ன்மவுத் நிலையத்திலும் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து பஸ் பயணம் இன்னும் நீளம். லண்டன்–எடின்பரோ ரயில்கள் பல இந்த இரண்டு நிலையத்திலும் நிற்காமல் பறந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போதே நிறுத்தத்தைச் சரிபாருங்கள்.

வரைபடத்தில் பாம்பரோவுக்குப் பக்கத்தில் சாட்ஹில் என்று ஒரு நிலையம் தெரியும். ஆசைப்படாதீர்கள். அங்கே நிற்கும் ரயில்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. அங்கிருந்து கடற்கரைக்கு பஸ்ஸும் இல்லை.

*வாடகைக் கார்.* நாலு பேர் சேர்ந்தால் இதுவும் கட்டுப்படியாகும். இந்திய, இலங்கை உரிமத்தை வைத்து முதல் 12 மாதம் இங்கே கார் ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் வயதுக்கும் உரிமத்தின் பழமைக்கும் தனி நிபந்தனை வைத்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வரலாமா என்று கேட்பார்கள். பெரிக் வரைக்குமே மூன்றரை மணி நேரத்துக்கு மேல். அன்னிக்கிலோ பெரிக்கிலோ ஓர் இரவு தங்குங்கள். பாம்பரோவிலேயே அறை எடுத்தால் கோடையில் வாடகை கையைக் கடிக்கும்.

4. கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

திரும்பும் பஸ்ஸை முதலில் முடிவுசெய்யுங்கள். போகும் பஸ்ஸை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

அன்னிக்குக்கு வடக்கே பஸ்களுக்கு இடையே இரண்டு மணி நேரம்கூட இடைவெளி இருக்கும். கடைசி பஸ்ஸைக் குறிவைக்காமல் அதற்கு முந்தினதைக் குறிவையுங்கள். அது வராமல் போனால் கடைசி பஸ் கைவசம் இருக்கும். எனக்கு ஒருமுறை அட்டவணையில் இருந்த பஸ் வரவேயில்லை, அறிவிப்பும் இல்லை. அப்படி மாட்டிக்கொண்டால் கைகொடுக்க சீஹவுசஸிலோ பெல்ஃபோர்டிலோ உள்ள டாக்சி எண் ஒன்றைக் குறித்துவையுங்கள். தெருவில் கை காட்டி நிறுத்த இங்கே டாக்சி ஓடாது.

அட்டவணையைப் படம் பிடித்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். கரையோரம் பல இடங்களில் சிக்னல் வராது.

ரயிலில் திரும்புகிறவர்கள் மலிவு என்று ‘அட்வான்ஸ்’ டிக்கெட் எடுத்தால், அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். பஸ் தாமதமாகி ரயிலை விட்டால் புது டிக்கெட். திரும்பும் பயணத்துக்கு மட்டுமாவது எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டை எடுங்கள்.

5. உள்ளே எதைப் பார்ப்பது

பஸ் ஊர்ப் புல்வெளி அருகே இறக்கிவிடும். எல்லோரும் பாம்பரோ கோட்டைப் பக்கம் போவார்கள். நீங்கள் கோட்டைக்கு முதுகைக் காட்டி மேட்டில் ஏறுங்கள். ஐந்து நிமிட நடையில் செயின்ட் ஐடன் தேவாலயம், அதற்கு எதிரே அருங்காட்சியகம். 1938-ல், மீட்பின் நூறாம் ஆண்டில், திறந்தது.

நேரே படகிடம் போய்விடுங்கள். மாதிரி அல்ல, 1838-ல் அவர்கள் ஓட்டிய அதே படகு. கோபிள் என்பார்கள். 21 அடி நீளம். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறி, ஓட்டுக்கூரை வேய்ந்தாற்போல அடுக்கியிருக்கும். முகப்பு உயர்ந்து, பின்பகுதி தட்டையாக இருப்பது மணற்கரையில் இழுத்து ஏற்றுவதற்காக. நம் ஊர்க் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் விளங்கிவிடும்.

பக்கவாட்டில் நின்று துடுப்பு போடும் இடங்களைப் பாருங்கள். சாதாரணமாக இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து ஓட்டும் படகு இது. அன்று போனவர்கள் இரண்டு பேர். பாறையை நெருங்கியதும் வில்லியம் தாவி இறங்கிவிட்டார். அவர் ஆட்களைத் திரட்டி ஏற்றும்வரை இந்தப் படகில் தனியே இருந்தவர் கிரேஸ்தான். இரண்டு துடுப்பையும் தானே பிடித்து, அலை பாறையில் அறைந்துவிடாதபடி முன்னும் பின்னுமாக வலித்துக்கொண்டிருந்தார். முதல் நடையில் ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சாரா டாசன் என்ற தாய், அவருடைய இரண்டு குழந்தைகளும் அந்தப் பாறையிலேயே இறந்துபோயிருந்தார்கள். இரண்டாம் நடைக்கு கிரேஸ் போகவில்லை. மீட்கப்பட்ட மாலுமிகளின் துணையோடு தந்தை போய் மீதி நான்கு பேரைக் கொண்டுவந்தார். அவள் தனியாகக் கப்பலையே காப்பாற்றினாள் என்ற அளவுக்குக் கதை பின்னால் ஊதிப் பெருத்தது. இங்கே தந்தைக்குரிய பங்கையும் சரியாகவே சொல்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது.

அடுத்து கடிதங்களுக்கும் ஓவியங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். செய்தித்தாள்கள் அவரை ஒரே இரவில் பிரபலமாக்கிவிட்டன. கலங்கரை விளக்கத்துக்கே படகேறி வந்து ஓவியர்கள் படம் வரைந்தார்கள். ஒரு கொத்துத் தலைமுடி அனுப்பச் சொல்லி முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தால் மொட்டைதான் மிஞ்சியிருக்கும். இன்று சமூக ஊடகத்தில் ஒருவரைப் பிடித்து ஆட்டுகிற ஆட்டம் அப்போதே இருந்திருக்கிறது. நான்கே வருடத்தில், 1842-ல், காசநோயில் இறந்தார். வயது 26.

படம் எடுக்கலாமா என்று நுழையும்போதே ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் எப்படியும் வேண்டாம்.

இலவசம் என்றாலும் உண்டியலைத் தாண்டிப் போகாதீர்கள். ஆர்.என்.எல்.ஐ. நன்கொடையில் ஓடுவது, படகில் கடலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். ‘கிஃப்ட் எய்ட்’ படிவம் நீட்டினால், இங்கே சம்பளத்தில் வருமான வரி கட்டுகிறவர்கள் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். வரி கட்டாத மாணவர்கள் போடக்கூடாது.

6. சாலையைத் தாண்டி தேவாலயம்

தேவாலயத்து வளாகத்தில், கூரை வைத்த மேடையில், துடுப்போடு படுத்திருக்கும் கல் உருவத்தை எல்லோரும் கல்லறை என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அது நினைவுச் சின்னம். கடலில் போகும் கப்பல்களுக்குத் தெரிய வேண்டும் என்று அந்த இடத்தில் கட்டியது. கிரேஸைப் புதைத்த இடம் அருகிலேயே, பெற்றோரோடு, ஆடம்பரம் இல்லாத குடும்பக் கல்லறையில். முதலில் செதுக்கிய கல் உருவம் காற்றிலும் மழையிலும் தேய்ந்துபோனதால் அதைத் தேவாலயத்துக்குள் வைத்துவிட்டார்கள். வெளியே இருப்பது நகல். உள்ளேயும் போய்ப் பாருங்கள். வழிபாடு நடந்தால் முடியும்வரை காத்திருங்கள்.

7. சாப்பாடு

பாம்பரோவில் தேநீர்க் கடைகளும் மதுவிடுதி உணவகங்களும் உண்டு. ஒரு வேளைக்கு ஆளுக்கு 10 பவுண்டுக்குக் குறையாது. பெற்றோரோடு போனால் புளியோதரை கட்டிக்கொண்டு போய் மணல்மேட்டின் மறைவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வட இங்கிலாந்தில் சிப்ஸ் கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிடாமல், எந்த எண்ணெய் என்று கேளுங்கள்.

8. லாங்ஸ்டோனுக்குப் படகு (நேரம் இருந்தால் மட்டும்)

அருங்காட்சியகம், கோட்டை, ஃபார்ன் தீவு மூன்றையும் கார் இல்லாமல் ஒரே நாளில் அடக்க நினைப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்வது. முடியாது. அருங்காட்சியகத்தோடு ஏதாவது ஒன்று. என்னைக் கேட்டால் கோட்டையை விட்டுவிட்டுப் படகைச் சொல்வேன். கோட்டைக்குக் கட்டணமும் அதிகம், அது வேறு கதை.

படகுகள் 5 கிலோமீட்டர் தெற்கே சீஹவுசஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும். எக்ஸ்18 அந்த வழியாகத்தான் போகிறது. அலை வற்றியிருக்கும்போது மணலிலேயே நடந்தும் போகலாம், ஒன்றரை மணி நேரம். பெரியவர்களுக்குப் படகுக் கட்டணம் 20 பவுண்டைத் தாண்டும். எல்லாப் படகும் லாங்ஸ்டோனில் இறக்குவதில்லை. சில சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும், சில இன்னர் ஃபார்ன் தீவில் இறக்கும். இன்னர் ஃபார்னில் இறங்க, அந்தத் தீவைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குத் தனிக் கட்டணம் உண்டு. டிக்கெட் எடுக்குமுன் “லாங்ஸ்டோனில் இறங்கலாமா, இந்த விலையில் எல்லாம் அடங்குமா” என்று கேளுங்கள். கப்பல் மோதிய பிக் ஹார்க்கர் பாறையைக் காட்டச் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தில் கிரேஸின் படகை முதலில் பார்த்துவிட்டுப் போனால், கலங்கரை விளக்கத்துக்கும் அந்தப் பாறைக்கும் நடுவில் உள்ள தண்ணீரைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும்.

மே முதல் ஜூலை வரை போகிறவர்கள் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னர் ஃபார்னில் கூடு கட்டியிருக்கும் ஆலாப் பறவைகள் பறந்து வந்து தலையில் கொத்தும், மிகைப்படுத்தவில்லை. ஆகஸ்டில் போனால் கொத்தும் இல்லை, பஃபின் என்ற கடற்பறவையும் இல்லை.

கடல் சரியில்லை என்றால் அன்று காலையில்தான் படகு ரத்து என்று சொல்வார்கள். அதனால் படகை நம்பி மட்டும் லண்டனிலிருந்து கிளம்பாதீர்கள்.

9. கடற்கரையில் கவனம்

கோடையிலும் வடகடல் சில்லென்றுதான் இருக்கும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டுக்கு நடுவே மட்டுமே இறங்குங்கள், கொடி இல்லாத இடத்தில் பாதம் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால் பின்னால் குதிக்காதீர்கள். 999-ஐ அழைத்து ‘கோஸ்ட்கார்ட்’ (கடலோரக் காவல்) என்று கேளுங்கள். போலீஸ், ஆம்புலன்ஸ் என்று சொன்னால் நேரம் வீணாகும்.

காரில் வந்தவர்கள் வழியில் லிண்டிஸ்ஃபார்ன் தீவையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். அங்கே போகும் சாலை ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலுக்குள் மூழ்கும். நார்தம்பர்லாந்து கவுன்சில் இணையதளத்தில் பாதுகாப்பான நேரம் தேதிவாரியாக இருக்கிறது. அந்த நேரத்துக்குள் தீவிலேயே இருக்க வேண்டும், அல்லது திரும்பியிருக்க வேண்டும். “தண்ணி கொஞ்சம்தானே” என்று வண்டியை விடுகிறவர்களைக் கூட்டிவர சீஹவுசஸ் உயிர்மீட்புப் படகு இன்றும் போய்க்கொண்டிருக்கிறது.